நகரத்தின் முகம்

ஊரிலிருந்து மும்பைக்கு முதன்முறை வரும் உறவினர் எவரும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தைக் காணாமல் திரும்புவதில்லை. “இதுவா ரயிலடி? அரண்மனையல்லவா!” என்று வியந்து நிற்பர். நாள்தோறும் அதனுள் சென்று கோப்புகளைப் புரட்டும் என்போன்ற குமாஸ்தாக்களோ அதை அண்ணாந்து பார்ப்பதையே மறந்துவிட்டோம்.

எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்பாரின் திட்டப்படி 1878-இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுந்தது அக்கட்டடம். அதன் பூக்களையும் பறவைகளையும் கல்லிலே வடித்தவர்கள் ஜே. ஜே. கலைப்பள்ளி மாணவர்கள். 2004-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எனினும் அது வெறுங்காட்சிப் பொருளன்று. இன்றும் ரயில்கள் வருகின்றன, அலுவலகம் நடக்கிறது. பழைமையைக் காப்பதென்பது பூட்டிவைப்பதன்று, புழங்கிக்கொண்டே பேணுவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு நகரத்தின் முகம் பெருங்கட்டடங்களால் மட்டும் அமைவதன்று. 2018-இல் யுனெஸ்கோ ஓவல் மைதானத்தைச் சூழ்ந்த 94 கட்டடங்களை ஒரு தொகுதியாக ஏற்றது. கிழக்கே உயர்நீதிமன்றமும் ராஜாபாய் கோபுரமும் கோதிக் பாணியில் ஓங்கி நிற்கின்றன. மேற்கே 1930-களிலும் அதனையொட்டியும் எழுந்த ஆர்ட் டெகோ பாணி வீடுகள். வீடுகளும் பாரம்பரியமே என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

அத்தகைய வீடுகள் நம் மாட்டுங்காவிலும் உள. 1896-இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கிற்று. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் நோயை வளர்ப்பதாகக் கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தனர். அதன் திட்டத்தில் பிறந்ததே மாட்டுங்கா. அகன்ற வீதிகள், சாலையோர மரங்கள், ஐந்து தோட்டங்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி எல்லாம் மக்கள் உயிர்வாழ வகுக்கப்பட்டவை. பின்னர் வளைந்த பால்கனிகளும், சாளரத்தின் மேல் வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட விளிம்புகளும் கொண்ட வீடுகள் எழுந்தன. பிழைப்புத் தேடி வந்த நம் பாட்டன்மார் அவற்றிற் குடியேறி, கோயிலும் பள்ளியும் சங்கீத சபையும் கண்டனர்.

இன்று அவ்வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, வானளாவிய கோபுரங்கள் எழுகின்றன. வீதியை நோக்கியிருந்த திண்ணையும் கடையும் போய், பல இடங்களில் கார் நிறுத்தும் அடுக்குகளின் வெற்றுச் சுவரே எதிரே நிற்கிறது.

இதைப் பழித்துரைப்பது எளிது. ஆனால் எங்கள் கட்டடத்தில் சென்ற மழைக்காலத்தில் மாடிப்படிச் சுவரின் காரை பெயர்ந்து விழுந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுமி மயிரிழையில் தப்பினாள். 1947-இன் வாடகைச் சட்டம் ஏழைக் குடித்தனக்காரரைக் காத்தது மெய்யே. ஆயினும் பல்லாண்டு உயராத வாடகையைக் கொண்டு பழுதுபார்க்க உரிமையாளர் முன்வரவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்பவரிடம் கலையழகைப் பற்றி உபதேசிப்பது அறமாகாது. 2012-இல் சிவாஜி பார்க் முதலிய பகுதிகளைச் சேர்த்துப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல் வெளிவந்தபோது அங்கு வாழ்வோர் பலரே எதிர்த்தமைக்குக் காரணம் இதுவே.

மும்பையில் 1995 முதலே பாரம்பரியக் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. கட்டடங்களை மூன்று தரங்களாகப் பகுத்துக் காக்கின்றன. ஆனால் பட்டியலில் இடம்பெறாத வீடுகளே மிகுதி. அவற்றுக்குக் காவல் அங்கு வாழும் நாமே.

மறுகட்டுமானத்துக்கு ஒப்புதல் கேட்கும் படிவம் ஒன்று என் மேசைமீதும் கிடக்கிறது. எத்தனை சதுர அடி கிடைக்கும் என்பதே கூட்டங்களில் எழும் முதற்கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. அதற்குமுன் கேட்கத் தக்கவை சில உண்டு. கட்டடத்தைப் பழுதுபார்த்து நிலைநிறுத்த இயலுமா என்று, பில்டரைச் சாராத பொறியாளர் ஒருவர் சோதித்தாரா? இடித்தே தீரவேண்டுமெனில், பக்கத்து வீட்டுக்கு வரும் காற்றும் வெளிச்சமும் நிலைக்குமா? வாயிலில் நிற்கும் மரம் பிழைக்குமா? வீதியைப் பார்த்த கடைகள் மீண்டும் வீதியைப் பார்க்குமா? கிழவர் ஒருவர் மாலையில் அமர்ந்து நாலு பேரைப் பார்க்க ஓரிடம் இருக்குமா?

இக்கேள்விகளை எழுதி எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் வைத்திருக்கிறேன். “ஆபீஸ் புத்தி, சாருக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்” என்று சிலர் நகைத்தனர். சிலர் மட்டும் தாளை வாங்கிப் பார்த்து, தங்கள் கேள்வி ஒன்றிரண்டையும் அடியில் சேர்த்தனர். விடை எழுத்தில் வந்தபின் கையொப்பமிடுவேன். வீடு புதிதாகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீதி நம்முடையதாகவே இருக்கவேண்டும். வாசக அன்பர்களும் தத்தம் கட்டடத்தில் இவற்றைக் கேட்பார்களாக. இடித்தபின் கேட்கும் கேள்விக்கு விடையளிப்பார் எவருமிலர்.