வாயில் காக்கும் நிரல்

தொலைவிலுள்ள இரு கணிப்பொறிகளில் இயங்கும் நிரல்கள் தம்முள் உரையாட வேண்டுமாயின், அவற்றிற்கிடையே தொடர்பொன்று அமைதல் வேண்டும். அத்தொடர்பின் இரு முனைகளும் சாக்கெட் எனப்படும். அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பினால் இம்முறை எங்கும் பரவியது.

அழைத்தவர்க்கு விடை பகரும் நிரலைச் சேவையகம் என்பர். அவற்றுள் மிக எளியது எதிரொலிச் சேவையகம். வந்த எழுத்துகளை வந்தவாறே திருப்பியனுப்புவதன்றி அதற்கு வேறு தொழில் இல்லை. ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1983-இல் அதன் விதியை எழுதியபோது, அது 7-ஆம் வாயிலில் காத்திருக்கும் என்று குறித்தார்.

வாயில் என்பது யாது? கணிப்பொறியின் முகவரி ஒன்றேயாயினும், அதனுள் இயங்கும் நிரல்கள் பல. வரும் செய்தி எந்நிரலுக்கு உரியது என்று பிரித்தறிய வாயிலெண் வேண்டும். அவ்வெண் 65535 வரை செல்லும். யூனிக்ஸ் பொறிகளில் 1024-க்குக் கீழ்ப்பட்ட எண்களை மேலாளரே கொள்ளுதல் மரபு. ஆதலின் பயில்வோர் 5000 போன்றதொரு பெரிய எண்ணைத் தேர்வர்.

நிரல் முதற்கண் இயங்குதளத்தினிடம் ஒரு சாக்கெட்டைக் கேட்டுப் பெறுகின்றது. அதனை வாயிலெண்ணோடு பிணைக்கின்றது. பின்னர்ச் செவிசாய்த்துக் காத்திருக்கின்றது. அழைப்பு வந்து ஏற்கப்பட்டதும் புதிய சாக்கெட் ஒன்று பிறக்கின்றது. தொடக்கத்தில் பலர் மயங்கும் இடம் இதுவே. திருமண வீட்டில் வாயிலில் நின்று வரவேற்கும் பெரியவர் வேறு. உள்ளே அழைத்துச் சென்று பந்தியில் அமர்த்துபவர் வேறு அன்றோ? அதுபோலவே, காத்திருக்கும் சாக்கெட் ஒருபோதும் உரையாடுவதில்லை. அழைத்தவரோடு உரையாடுவது புதிதாய்ப் பிறந்த சாக்கெட்டே.

இனி, எழுத்துகள் வரும் வகையையும் அறிதல் வேண்டும். அவை கடிதங்களைப் போல உறையிட்டு வருவன அல்ல. வாய்க்கால் நீர் போல ஓடி வருவன. ஒரே முறையில் அனுப்பிய சொற்றொடர் இரு கூறாய் வந்து சேரலாம். இருமுறை அனுப்பியவை ஒன்றாய்க் கலந்தும் வரலாம். ஆகவே, செய்தி முடியுமிடத்தை நிரலே கண்டுகொள்ளல் வேண்டும். படித்த அளவு சுழியமாயின், மறுமுனையிலுள்ளார் பேச்சை முடித்துக்கொண்டார் என்பது பொருள். அப்பொழுது அந்தச் சாக்கெட்டை மூடிவிடுதல் வேண்டும். மூடாது விட்டால், நாளடைவில் புதியவரை ஏற்க இயலாது போம்.

இவை அனைத்தினும் இன்றியமையாதது, வருவதற்கு அளவு விதித்தல். ஒருவரைப் பற்றிய செய்தியைக் கேட்டோர்க்குத் தரும் பிங்கர் என்னும் சேவையகம் முன்னாளில் யூனிக்ஸ் பொறிகளில் இருந்தது. வரும் கேள்விக்கென அது 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. ஆயினும் வருவது அதற்குள் அடங்குமா என்று நோக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விடுத்த புழு நிரல் அதற்கு 536 பைட்டுகளை அனுப்பியது. மிகுந்தவை ஒதுக்கிய இடத்தைக் கடந்து, நிரல் அடுத்துச் செல்லவேண்டிய முகவரியையே அழித்தெழுதின. அவ்வளவில் வாக்ஸ் வகைப் பொறிகள், அயலார் அனுப்பியதைத் தம் கட்டளையாகவே கொண்டு இயங்கலாயின. இவ்வழியும் பிற வழிகளும் கொண்டு அப்புழு ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் பரவி, அவற்றைச் செயலிழக்கச் செய்தது.

திருத்தமோ மிகச் சிறிது. அளவு நோக்காது படிக்கும் ‘கெட்ஸ்’ என்னும் கட்டளையை நீக்கி, அளவு கூறிப் படிக்கும் ‘எப்கெட்ஸ்’ என்பதை வைத்தனர். ‘கெட்ஸ்’ 2011-ஆம் ஆண்டில் சி மொழியின் விதிகளினின்றே விலக்கப்பட்டது.