அத்லும் இஹ்ஸானும்

ஜும்ஆவின் இரண்டாம் குத்பா நிறைவுறும் வேளையில் ஸூரத்துந் நஹ்லின் 90ஆவது வசனம் பெரும்பாலும் ஓதப்படுகின்றது. அதில் அல்லாஹுத் தஆலா முதலில் அத்லை, அதாவது நீதியை ஏவுகின்றான். அதன் பின்னரே இஹ்ஸான் எனும் உபகாரம் வருகின்றது. இந்த வரிசையை நாம் கவனிப்பதில்லை.

நமது பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்து லயன்களை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண்சரிவு மூடியது. நாலா திசைகளிலிருந்தும் உணவும் உடுபுடவையும் வந்து குவிந்தன. அது இரக்கம், அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால், அம்மக்களை வேறிடத்தில் குடியமர்த்துமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாதுகாப்பான நிலம் அவர்களது ஹக்கு. உயிரோடிருந்தபோது கிடைக்காத ஹக்கை, புதையுண்ட பின் வரும் நிவாரணப் பொதி ஈடுசெய்யுமா? எஞ்சியோருக்குப் புதிய வீடுகள் 2016இலேயே கையளிக்கப்பட்டன.

இதில் அதிகாரிகளை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. நமது கடைகளிலும் தோட்டத்து இளைஞர்கள் தொழில் செய்கின்றனர். அவர்களது மாதச் சம்பளத்தைப் பிற்படுத்திவிட்டு, பெருநாளைக்குப் புத்தாடை கொடுப்பது இஹ்ஸான் ஆகாது. (கடன் கொப்பியில் கூட்டி எழுதிவிட்டு ஸதகா கொடுப்போரும் இதில் அடக்கம்.)

கடனைச் செலுத்த இயலாது ஒரு குடும்பம் தவித்தால் அவகாசம் கொடுங்கள், முடிந்தால் விட்டுவிடுங்கள். அது உங்கள் ஹக்கு. பணியாளின் சம்பளமோ உங்களுடையதன்று. அதை இன்றே கொடுத்துவிடுங்கள்.