பொய்யிரையும் அதன் பூச்சும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்குமிடம் காரைக்கால். அந்நகரை அடுத்துள்ளது எமது தலத்தெரு. இப்பக்கத்துச் சிறுவர்க்குத் தூண்டில் விளையாட்டுமாகும்; சில இல்லங்களில் அன்றைய குழம்புக்கு வழியுமாகும். இறால், மண்புழு முதலிய மெய்யிரைகளைக் கோத்து மீன் பிடிப்பது ஒரு வகை. மரத்துண்டைச் சிறுமீன் வடிவாகச் செதுக்கி, வர்ணந் தீட்டி, முள் பூட்டி, நீரில் எறிந்து இழுத்துக் கொடுவா, பாரை, சீலா முதலிய வேட்டை மீன்களை ஏமாற்றிப் பிடிப்பது மற்றொரு வகை. இதனைப் பொய்யிரை என்போம். கடையில் நல்ல பொய்யிரை ஒன்றுக்குக் கொடுக்கும் விலை ஏழை மாணவனுக்குச் சிறிதன்று. ஆதலின் தாமே செய்துகொள்ள முயல்வோர் பலர்.

யானும் அவருள் ஒருவன். முதன்முதற் செய்த பொய்யிரைக்குப் பளபளப்பான எனாமலை மும்முறை பூசி, ஆற்று முகத்துவாரத்தில் மாலைதோறும் எறிந்து வந்தேன். மூன்றாம் நாள் வயிற்றுப்புறத்தில் வர்ணம் கொப்புளித்தது. ஐந்தாம் நாள் உரிந்தது. மரம் ஊதி ஒருபுறம் சாய்ந்தது. வர்ணம் மட்டமானதெனக் கருதி, விலையுயர்ந்த வர்ணம் வாங்கிப் பூசினேன், பயனில்லை. குற்றம் மேற்பூச்சில் அன்று, அதன் கீழே இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று. அதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மரமென்பது நுண்ணிய குழாய்களின் தொகுதி. நீர் புகுந்தால் அது நீளவாட்டில் மிகச் சிறிதே வளரும். குறுக்குவாட்டில் நன்கு விரியும். உலர்ந்தால் மீண்டுஞ் சுருங்கும். இறுகிய வர்ணத்தோலோ அவ்வளவு விரிய மாட்டாது, ஆகவே வெடிக்கும். வெடிப்பின் வழியே மேலும் நீர் புகும். இவ்வுண்மையை நம் கடற்கரை மக்கள் நெடுங்காலமாக அறிவர். கட்டுமரத்தில் தொழில் செய்தோர், கரையேறியபின் கட்டவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவது வழக்கமாயிருந்தது. நீர் ஏறிய மரம் கனத்து மிதப்புக் குன்றும் என்பதே காரணம். கட்டுமரத்தை அவ்வாறு அவிழ்த்து உலர்த்தலாம். வர்ணத்தினுள் அடைபட்ட விரல்நீளப் பொய்யிரையை உலர்த்துவது எங்ஙனம்? நீரைப் புகவிடாது தடுத்தலே வழி.

பூச்சின் பயன் யாதென்பதற்குப் பிறநாட்டு வரலாறொன்றும் சான்றாகும். பின்லாந்து தேசத்து மீனவராகிய லௌரி ராப்பலா என்பவர், அடிபட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதையும், பெருமீன்கள் அதனையே தேர்ந்து விழுங்குவதையும் கவனித்து, 1936ஆம் ஆண்டில் தக்கையில் ஒரு பொய்யிரை செதுக்கினார். சாக்லேட் சுற்றிய பளபளப்பான தாளை அதன்மீது ஒட்டினார். மேற்பூச்சுக்கு வேறு வகையின்றிப் புகைப்பட பிலிமை உருக்கித் தடவினாரென்பது அவர் பெயரால் விளங்கும் நிறுவனத்தின் வரலாறு. பிலிமை உருக்குதல் நாம் பின்பற்றத்தக்க முறையன்று, கருத்தோ கொள்ளத்தக்கது. மீனை முதலில் இழுப்பது அசைவு. வர்ணம் அதற்குத் துணை. பூச்சோ அந்த அசைவுக்குக் காவல். மரம் நீர் குடித்துக் கனத்தாலும், பூச்சே அளவுக்கு மிஞ்சித் தடித்தாலும் தள்ளாட்டம் கெடும். ஆகவே பூச்சு உறுதியாகவும் இருத்தல் வேண்டும். மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். முள்முருங்கை போன்ற கனமற்ற மரத்தை நன்றாக உலர்த்திச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க. முள்ளும் நரம்பும் பூட்டுங் கம்பிவளையங்களுக்குத் துளையிடும் வேலையை வர்ணத்திற்கு முன்னரே முடித்துவிடல் வேண்டும். பலரும் முதலில் வர்ணம் பூசிப் பின்பு துளையிடுகின்றனர். அத்துளையே நீருக்கு வாயிலாகிறது. எபாக்ஸி என்னும் பிசினைச் சிறிது எடுத்து மரமெங்கும் மெல்லத் தடவி, துளைக்குள்ளும் ஒரு துளி விட்டு வளையத்தைத் திருகினால் அவ்வாயில் அடைபடும். இவ்வடிப்பூச்சு இறுகியபின் ஓரிரவு உப்பு நீரில் மிதக்க விடுக. மறுநாள் மரம் பருத்தோ, ஒருபுறம் சாய்ந்தோ காணப்பட்டால், உலர்த்தி மீண்டும் பூசுக. இச்சோதனையில் தேறாத மரத்திற்கு வர்ணம் தீட்டுவது வீண்செலவேயாம். தேறியபின் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து, வெள்ளை வர்ணம் ஒரு கை பூசி, அதன்மேல் வேண்டிய நிறங்களைத் தீட்டலாம்.

நிறத்திற்கும் மேற்பூச்சிற்கும் பகை நேராதிருத்தல் வேண்டும். எண்ணெய் எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வரினும், உள்ளே முற்றும் இறுகப் பல நாள் செல்லும். அதற்குள் தின்னர் கலந்த லாக்கரை அதன்மேற் பூசினால், அடிவர்ணம் கரைந்து சுருங்கும். நீரிற் கரையும் அக்ரிலிக் வர்ணம் விரைவில் உலர்வதாலும், எபாக்ஸியோடு இணங்குவதாலும் தொடக்கக்காரர்க்கு ஏற்றது.

மேற்பூச்சுக்களை ஒப்புநோக்குவோம். சாராயத்திற் கரைத்த அரக்கு மெருகு அழகியது. ஆனால் நீர் பட்டு வெளுக்கும். எண்ணெய் வார்னிஷ் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சீலாவின் பல்லுக்கு ஆற்றாது. லாக்கர் விரைவில் உலரும். எனினும் பலமுறை பூசினாலன்றித் தடிப்பு வாராது. இருபகுதிப் பாலியூரிதேன் மெல்லியது, கடினமானது, வெயிலைத் தாங்குவது. ஆனால் அதன் ஆவியிலுள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் மூச்சிரைப்பு நோயை விளைக்க வல்லது. தக்க முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாத வீட்டில் அதனைக் கையாளுதல் தகாது. எபாக்ஸி ஒரே பூச்சில் நல்ல தடிப்பும் உறுதியும் தரும்; நாளடைவில் வெயிலில் மஞ்சளித்தல் அதன் குறை. பல்லும் பாறையும் படும் வேலைக்கு, வீட்டிற் செய்வோர்க்கு எபாக்ஸியே தக்கதென்பது எம் துணிபு. அதுவும் தோலிற் பட்டால் ஒவ்வாமை விளைக்குமாதலால் கையுறை வேண்டும்.

இங்கே நம் கரையோர நண்பர்க்கு ஓர் எச்சரிக்கை. ஃபைபர் படகு செப்பனிடுவோர் வழங்கும் பாலியெஸ்டர் பிசினுக்கு, இறுகச் செய்யும் மருந்தை நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவிலே கலப்பர். அதனைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். எபாக்ஸியிலோ இரு பகுதிகளின் அணுத்திரள்களும் ஒன்றோடொன்று கைகோத்து இறுகுவன; மிகையானது துணையின்றி நின்று என்றும் பிசுபிசுக்கும். டப்பாவிற் கூறிய அளவே அளவு. பூசியபின் வழிந்து ஒருபுறம் தேங்காதபடி, பிசின் ஓட்டம் நிற்குமளவும் பொய்யிரையை மெல்லச் சுழற்றிக் கொண்டிருத்தல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் ஈரக்காற்று எபாக்ஸியின்மேல் மெழுகு போன்ற படலத்தை உண்டாக்கி மங்கச் செய்யும். பங்குனி முதல் ஆடி வரையில், கடற்காற்று எழுமுன், முற்பகலில் பூசுதல் நன்று. விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களும் இப்பருவத்துள் அடங்கும். கரையில் ஓய்ந்திருப்போர்க்கு இஃது ஏற்ற கைவேலை.

வேட்டை முடிந்தபின் பொய்யிரையை நன்னீரில் அலம்பி, நிழலில் உலர்த்தி, மரம் தெரியுங் கீறலேதும் உளதாயின் அன்றே ஒரு துளி பிசினால் அடைக்க. இவ்வாறு செய்த எனது இரண்டாம் பொய்யிரை, பல்தடங்கள் பல பெற்றும், இன்றும் நேராக மிதக்கின்றது. அதன் வர்ணம் முதலதைப்போல் அழகியதன்று. ஆயினும் அது மீன் கொணர்கின்றது. கண்ணுக்குப் புலனாகும் மெருகை நாடி, புலனாகாத அடிப்பூச்சை மறப்பது கைத்தொழிலில் எளிதில் நேரும் பிழை. நண்பர்காள்! மேற்பூச்சைத் தேர்வதில் செலுத்தும் கவலையில் பாதியையேனும் அடிப்பூச்சில் செலுத்துவீராயின், உங்கள் உழைப்பு நீரோடு போகாது.