கல்லை நட்டார்கள்... பிடுங்கினார்கள்!

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ஊருக்குப் பஸ் ஏறும் ஆசாமியா நீங்கள்? குன்னம் பக்கத்துக்காரர்களுக்குத் திருமாந்துறை டோல்கேட் வெளிச்சம் தெரிந்தால், ஊர் வந்தாச்சு என்று அர்த்தம். நாலு வழிச்சாலை சௌகரியம்தான். அதுக்கு அடியில் யாருடைய கொல்லை கிடக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

2018-ல் யோசிக்க வைத்தது, சேலம்-சென்னை எட்டு வழிச்சாலை. 277 கிலோ மீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். "உளுந்தூர்பேட்டை வழியா ஒண்ணு, கிருஷ்ணகிரி வழியா ஒண்ணுன்னு ஏற்கெனவே ரோடு இருக்கே, மூணாவது எதுக்கு?" என்பது விவசாயிகள் கேள்வி. நேரம் மிச்சமாகும் என்றது சர்க்கார். யாருக்கு?

நிலம் முழுசாகப் போனால் பணமாவது வரும். ரோடு நடுவில் புகுந்தால்தான் வம்பே. கிணறு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். எக்ஸ்பிரஸ் சாலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே நடக்க முடியுமா? சப்வே எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுற்றி வரணும். தண்ணிக் குழாய் சுற்றி வருமா என்ன?

அந்த ஜூன் மாதம் போலீஸ் பந்தோபஸ்தோடு அளவுக்கல் நட வந்தார்கள். வயசான அம்மாக்கள் மண்ணில் புரண்டு அழுததை டி.வி.யில் ஊரே பார்த்தது. சில இடங்களில் நட்ட கல்லைப் பிடுங்கி எறிந்தார்கள். திட்டத்தை எதிர்த்துப் பேசிய வில்லன் நடிகர் மன்சூர் அலிகான் நிஜமாகவே ஜெயிலுக்குப் போனார்.

இங்கிலாந்துக்காரர்கள் வேற டைப். 1996-ல் நியூபரி பைபாஸுக்காக ஏறக்குறைய பத்தாயிரம் மரங்களை வெட்டக் கிளம்பினபோது, இளவட்டங்கள் மரத்து மேலேயே பரண் கட்டிக் குடியேறிவிட்டார்கள். இறக்கி இறக்கிக் கைது செய்தது போலீஸ். 1998-ல் ரோடு திறந்தாச்சு!

நம்மாட்கள் மரம் ஏறவில்லை, கோர்ட் படி ஏறினார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை ஐகோர்ட், நிலம் எடுக்கும் அறிவிப்பையே ரத்து செய்தது. கேஸ் டெல்லிக்குப் போனது. 2020 டிசம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட், அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் வெறும் அறிவிப்பை வைத்துக்கொண்டு வருவாய்த்துறை ஆவணத்தில் பேரை மாற்றியது தப்பு, பழையபடி எழுது என்றது. விவசாயிக்கு அது சின்ன விஷயமில்லை சார். பட்டாவில் பேர் இல்லாதவனுக்கு எந்த பேங்க் பயிர்க்கடன் தரும்?

ஊரில் நாலு சென்ட் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி அறிவிப்பு வந்த 21 நாளைக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். விவரம் இரண்டு உள்ளூர்ப் பேப்பரில் வரும், அதில் ஒன்று தமிழ். அதனால், டீக்கடையில் வடை மடித்துத் தந்த பேப்பராக இருந்தாலும் ஒரு தடவை படித்துவிட்டுக் கசக்குங்கள். தேதியைப் பார்க்க மறக்காதீர்கள், 21 நாள் தாண்டியிருக்கப் போகிறது!