மறைந்துபோன சின்னம்

கணிப்பொறித் திரையின் ஓரத்துப் பட்டையில் சிறுசிறு சின்னங்கள் வரிசையாய் நிற்கக் காண்கிறோம். அவற்றுள் ஒன்று இல்லாமற் போனதால், ஆய்வுக்கூடத்தில் பதினோரு நாள் எடுத்த அளவுகளை இழந்தவன் நான்.

லினக்ஸில் திரையை ஆளும் முகப்புகள் பல. கே.டி.ஈ., க்னோம் இரண்டும் பெரியவை. சென்ற ஆண்டு ஐரோலியில், எங்கள் வீட்டில் வைத்து, முன்னதை விட்டுப் பின்னதற்கு மாறினேன். என் கோப்புகளைப் படியெடுத்து அனுப்பும் நிரலொன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அது தடைப்பட்டால் சின்னம் சிவக்கும். தடைப்பட்டது, ஆனால் சிவந்து காட்ட அங்கே இடமில்லை! பின்னர் வட்டும் பழுதாயிற்று.

ஏன் இடமில்லை? பழைய முறைக்கு எக்ஸ்எம்பெட் என்று பெயர். நிரல் தன் குட்டிச் சாளரத்தையே கொண்டுவந்து பட்டையில் பதித்துவிடும். தாராவி அறையில் உள்வாடகைக்கு வருபவர் கட்டிலும் அடுப்புமாக வந்திறங்குவது போல என்க. நிறமும் வடிவும் வந்தவர் விருப்பம். 2009 வாக்கில் கே.டி.ஈ. குழுவினர் வேறொரு முறை வகுத்தனர். இதில் நிரல் உள்ளே வருவதில்லை. தன் பெயர், படம், நிலை ஆகியவற்றை டி-பஸ் என்னும் செய்திவழியே சொல்லியனுப்பும்; வரைவது பட்டையின் வேலை. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2010இல் இதையொட்டி ஆப்இண்டிகேட்டரை அமைத்தது. க்னோம் அதை ஏற்கவில்லை.

க்னோமின் வாதத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஒவ்வொரு நிரலும் ஒரு சின்னத்தை நட்டால் பட்டை சந்தைக்கடை ஆகிவிடும். அறிவிப்புகளே போதும் என்றனர். 2017 செப்டம்பரில் வந்த 3.26 பதிப்பில் பழைய சின்னங்களுக்கிருந்த இடத்தையும் எடுத்துவிட்டனர். குடியிருப்பவரைக் காலி செய்யுமுன் மாற்றிடம் காட்ட வேண்டாமா? மும்பைவாசிகளுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! கே.டி.ஈ.யும் 2014இல் பழைய முறையைக் கைவிட்டதுதான். ஆனால் மறு ஆண்டே, பழைய சின்னங்களைப் புதிய முறைக்குப் பெயர்த்துத் தரும் துணைநிரலைச் சேர்த்தது.

உபுண்டு 2017 அக்டோபரில் க்னோமுக்கு மாறியபோது, ஆப்இண்டிகேட்டர் நீட்சியைத் தானே இணைத்துத் தந்தது. மற்ற லினக்ஸ் வெளியீடுகளில் க்னோம் வைத்திருப்போர் பெரும்பாலும் அதைத் தாமே நிறுவ வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை க்னோமின் புதிய பதிப்பு வரும்; அப்போது நீட்சி வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான் பிறகுதான் நிறுவினேன். ஆறு நாள் அளவுகளை மறுபடி எடுத்தாயிற்று. எஞ்சிய ஐந்து நாள் மாதிரிகள் அதற்குள் கெட்டுவிட்டன.