பழுதை ஒப்புக்கொள்வது பழியா?

'பழுது காரணமாக இத்தனை ஆயிரம் வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது இன்ன நிறுவனம்' என்ற செய்தி நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் இப்போது அடிக்கடி வருகிறது. 2013-இல் மறைமலைநகரில் ஆலை நடத்திவந்த ஃபோர்டு நிறுவனம் 1,66,021 கார்களுக்கு இத்தகைய அறிவிப்பை வெளியிட்டது. 2021 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் கண்ட குறைக்காக 2,36,966 மோட்டார் சைக்கிள்களை அழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி சுஸுகி 1,81,754 கார்களை அழைத்தது.

இத்தகைய செய்தி வந்த மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நண்பர்களிடையே ஒரே பேச்சுதான் எழும்: 'அந்த கம்பெனி வண்டியா? வேண்டவே வேண்டாம்.' பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அழைப்பு விடுத்த நிறுவனத்தைவிட, விடுக்க வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருந்த நிறுவனமே நம் ஐயத்துக்கு உரியது.

'திரும்பப் பெறுதல்' என்ற சொல்லே குழப்பம் தருகிறது. யாரும் வண்டியை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவதில்லை. உரிமையாளர் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுசெல்கிறார். குறையுள்ள பாகத்தைச் செலவின்றி மாற்றித் தருகிறார்கள். அவ்வளவே. ஆயினும் அந்தச் சொல்லுக்கு நிறுவனங்கள் அஞ்சுகின்றன. நேனோ கார்கள் சில தீப்பற்றியபோது, 2010-இல் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித்தர முன்வந்த டாடா நிறுவனம், இது திரும்பப் பெறுதல் அல்ல என்று சொல்லிக்கொண்டது. வேறு சில நேரங்களில், வழக்கமான சர்வீசுக்கு வரும் வண்டியில் உரிமையாளர் அறியாமலேயே பாகம் மாற்றப்படுவதும் உண்டு. சர்வீசுக்கு வராத வண்டி? அது குறையோடு ஓடிக்கொண்டிருக்கும்.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே நல்ல காருக்கும் உரிய விலை கிடைக்காமல், நல்ல கார்கள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று அவர் காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இக்கட்டுரையே அடித்தளம். குறையுள்ள காரை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள். இதை வகுப்பில் விளக்குவது எளிதாக இருந்ததில்லை. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிய பிறகே தெருவில் இறக்கும் ஊரில், அது எப்படிக் கெட்ட காருக்குப் பெயராகும் என்று மாணவர்கள் கேட்பார்கள்.

அக்கர்லாஃபுக்குப் பின் வந்தவர்கள் இதை மேலும் நுணுக்கமாகப் பிரித்தனர். சில பண்புகளை வாங்கும்போதே காணலாம்: நிறம், இருக்கை. சிலவற்றைப் பயன்படுத்தித்தான் அறியலாம்: மைலேஜ், குளிர்சாதனம். மூன்றாவது வகைப் பண்புகளைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினாலும் அறிய முடியாது; நம்பிக்கையின் பேரில்தான் வாங்குகிறோம். காற்றுப்பை அந்த மூன்றாம் வகை. விபத்து நேரும் கணம்வரை நல்ல காற்றுப்பைக்கும் கெட்டதற்கும் உரிமையாளரால் வேறுபாடு காண இயலாது.

உரிமையாளர்களின் கருத்தை வைத்துத் தரத்தை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், புதிய கார் வாங்கியவர்களிடம் முதல் 90 நாள்களில் கண்ட குறைகளைக் கேட்டு, நூறு வண்டிகளுக்கு எத்தனை குறை என்று கணக்கிடுகிறது. தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அதில் ஒரு குறை; கைப்பேசி இணையவில்லை என்பது ஒரு குறை. பயனுள்ள கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய பாகம் பொருத்தப்பட்ட கார் அந்தப் பட்டியலில் முதலிடம் பெறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் வீட்டுத் திண்ணைக் கணக்கும் இதே வகையைச் சேர்ந்தது: 'பத்து வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.'

டகாட்டாவின் கதை இதற்குச் சான்று. ஜப்பானைச் சேர்ந்த இந்த நிறுவனம் உலகின் பெரும்பாலான கார் நிறுவனங்களுக்குக் காற்றுப்பை விற்றது. பையை ஊதவைக்கும் வாயுவை உண்டாக்க அது அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. இவ்வேதிப்பொருள் ஈரத்தை உறிஞ்சும். வெப்பம் ஏறி இறங்க இறங்கச் சிதைந்துபோகும். அவ்வாறு சிதைந்தபின் விபத்தில் பற்றினால், அளவோடு எரியாமல் வெடிக்கும்; உலோகக் கூடு சிதறி, காப்பாற்ற வேண்டிய பையே ஓட்டுநரின் கழுத்தில் இரும்புத் துண்டைப் பாய்ச்சும். 2008-இல் ஹோண்டா ஏறத்தாழ 4,000 கார்களை அழைத்ததில் தொடங்கிய இது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி காற்றுப்பைகளை மாற்ற வேண்டிய நிலைக்கு வளர்ந்தது. சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டியதை ஒப்புக்கொண்ட டகாட்டா, 2017 ஜனவரியில் 100 கோடி டாலர் அபராதமும் இழப்பீடும் செலுத்த உடன்பட்டு, அதே ஆண்டு ஜூனில் திவாலானது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற கடலோர மாநிலங்களின் கார்களை முதலில் சரிசெய்யுமாறு அமெரிக்க அரசு ஆணையிட்டது. அந்தத் தட்பவெப்பம் சென்னைக்கும் கடலூருக்கும் தூத்துக்குடிக்கும் அன்னியமானதன்று. இந்தியாவிலும் ஹோண்டா இதே காரணத்துக்காக லட்சக்கணக்கான கார்களை அழைத்தது. அவற்றில் எத்தனை உரிமையாளர்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள்?

மறைப்பதன் விலையை ஜெனரல் மோட்டார்ஸ் காட்டியது. அதன் சிறிய கார்களில் சாவிபோடும் சுவிட்ச் போதிய இறுக்கமின்றி இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினால், மேடுபள்ளத்தில் குலுங்கும்போது சுவிட்ச் தானே அணைந்துவிடும். என்ஜின் நிற்கும், காற்றுப்பையும் செயலிழக்கும். (வீட்டுச் சாவி, பீரோச் சாவி, முருகன் டாலர் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோக்கும் நம்மவர்கள் கவனிக்க.) 2006-இல் சுவிட்சின் வடிவமைப்பைத் திருத்தியபோது, பாகத்தின் எண்ணை மாற்றாமலே விட்டார்கள். இதனால் பழைய சுவிட்ச் எது, புதியது எது என்று கண்டறிவதே கடினமாயிற்று. 2014-இல் தான் 26 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அந்த சுவிட்சை மேம்படுத்த ஆகக்கூடிய செலவு வண்டிக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

சந்தை தவறு செய்தவரைத் தானே தண்டித்துவிடும் என்று நம்புவோர் டொயோட்டாவின் அனுபவத்தைக் கருத வேண்டும். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் கால்விரிப்பும் ஆக்சிலரேட்டர் மிதியும் சிக்கிக்கொள்ளும் குறைக்காக அது பல லட்சம் கார்களை அழைத்தது. குறையை மறைத்ததற்காக 2014-இல் 120 கோடி டாலர் செலுத்தியது. இடையில், 2012-இலேயே உலக விற்பனையில் முதலிடத்தை மீட்டுக்கொண்டது. வாங்குவோரின் கோபம் சில மாதங்களில் ஆறிவிடுகிறது; ஆகவே கோபத்தை மட்டும் காவலுக்கு வைக்க முடியாது.

இந்தியாவில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ நெறிமுறை மட்டுமே இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அரசே ஆணையிடும் நிலை வந்தால், வாகனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆயிரக்கணக்கான கோடி விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் என்பது ஒரு நாள் விளம்பரச் செலவுதான். மேலும், விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார்கள் சேர வேண்டும் என்ற கணக்கும் விதிகளில் உண்டு. உயிருக்கு உலைவைக்கும் குறை எண்ணிக்கை பார்த்து வருவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்கு விடப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் மகளும் இறந்தனர். அதே வாரம் வேறு ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அமைச்சரின் எச்சரிக்கைக்கிடையே ஏப்ரலில் ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் அழைத்தன. அங்கே புகார்களை எண்ணிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

விதிகளில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. தயாரித்து ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களே இவற்றின் எல்லைக்குள் வருகின்றன. நம் நாட்டில் ஏழு ஆண்டு ஓடிய காருக்குப் பாதி ஆயுள்கூட முடிவதில்லை. அது இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறும் காலமே அதுதான். நிறுவனத்தின் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகும். வண்டியோ வேறு மாவட்டத்தில், தெருமுனை மெக்கானிக்கின் பராமரிப்பில் இருக்கும். பழைய வண்டி வாங்குபவர் பொதுவாக வருவாய் குறைந்தவர். குறையின் சுமை, அதைத் தாங்க வலுவற்றவர் தலையில் இறங்குகிறது.

இதற்குத் தீர்வு கண்ட நாடுகள் உண்டு. டகாட்டா காற்றுப்பையை மாற்றாத, ஆபத்து மிகுந்த கார்களுக்கு 2018 முதல் ஜப்பான் தகுதிச் சான்று வழங்க மறுத்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு கட்டாய ஆணை பிறப்பித்தது. மாற்றாத கார்களின் பதிவை மாநிலங்கள் நிறுத்தின. ஏறத்தாழ 30 லட்சம் கார்களில் மிகச் சிலவே மிஞ்சின. அமெரிக்காவிலோ, உரிமையாளரின் விருப்பத்துக்கு விட்டதால், அழைக்கப்படும் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பழுது நீக்கப்படாமலே ஓடுகின்றன.

நம்மிடம் 'வாகன்' தரவுத்தளம் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியின் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும், புகைச் சான்று பெறும்போதும், உரிமை மாற்றத்தின்போதும் அந்த எண்ணைக் கேட்கத்தான் செய்கிறார்கள். நிலுவையில் உள்ள அழைப்பு அந்த நேரத்தில் திரையில் தெரியுமாறு செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஏழு ஆண்டு வரம்பை நீட்டுவதற்கு விதித்திருத்தம் போதும்.

அதுவரை உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் சேசிஸ் எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளங்களில் உள்ளிட்டால், வண்டிக்கு அழைப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். அழைப்பின்கீழ் மாற்றப்படும் பாகத்துக்கும் கூலிக்கும் பணிமனை பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.