கேட்பவருக்கும் வாய் உண்டு

1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்தை நம்மூர் ஜி.இ.பி. 24 உடன் இனக்கலப்பு செய்து உருவாக்கிய, குறுவைக்கேற்ற குறுகிய காலப் பயிர். திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியதால், தஞ்சை விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். மக்களுக்கு அறிவியலைக் கொண்டுசெல்ல ஒலிபரப்பை விஞ்சிய கருவி இல்லை என்று வாதிடுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் கதை இது. கதை உண்மைதான், ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது. ராத்திரி வானொலியில் கேட்ட சங்கதியை மறுநாள் வரப்பில் வைத்தே ஊர்ப் பணியாளரான கிராம சேவக்கிடம் கேட்கலாம். விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகலாம். வானொலி பேசியது, பேசியதன் மேல் கேள்வி கேட்கவும் ஆள் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுத்தான் இன்று பாட்காஸ்ட் யுகத்தில் அறிவியலைப் பரப்பக் கிளம்பியிருக்கிறோம். அறிவியலை ஒலியில் சொல்லும்போது அது மனத்தில் தங்குவது குரலாலோ பின்னணி இசையாலோ அல்ல, கேட்டவருடைய சந்தேகம் சொன்னவரிடம் திரும்பிப் போய்ச் சேர வழி இருப்பதால்தான் என்பது என் வாதம்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புணே வானொலி நிலையம் ஒரு பரிசோதனை நடத்தியது. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைத்தார்கள். மன்றத்துக்குச் சுமார் 20 பேர். வாரம் இரண்டு நாள், அரை மணி நேர நிகழ்ச்சி. மொத்தம் 20 நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. கேட்டதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும்; மன்றச் செயலாளர் அதைக் குறிப்பெடுத்து, தீராத கேள்விகளை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்; அவற்றுக்கு ஒலிபரப்பிலேயே பதில் வரும். இந்த ஏற்பாட்டின் மாதிரி கனடாவிலிருந்து வந்தது. முடிவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர் பால் நியூராத், மன்றம் இருந்த கிராமங்களை, வானொலி மட்டும் இருந்த கிராமங்களோடும் வானொலியே இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த இடங்களில் விஷய அறிவு வெகுவாக உயர்ந்திருந்தது. பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் ஏற்பட்ட முன்னேற்றம் சொற்பம். ஒரே குரல், ஒரே நிகழ்ச்சி, ஒரே மொழி; கூடிப் பேசியதும் கேள்வி கேட்டதும்தான் வேறுபாடு. ஒலிபரப்புத் துறையில் காலடி வைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு இது. நம் இதழியல் வகுப்புகளில் ஒலிவாங்கியைப் பிடிக்கச் சொல்லித்தரும் அளவுக்கு இதைச் சொல்லித்தருகிறார்களா என்பது சந்தேகமே.

விவசாயிக்குப் பூச்சி மருந்தில் ஆதாயம் உண்டு, அதனால் அவர் கேள்வி கேட்பார். கருந்துளையைப் பற்றியோ மனிதக் குரங்கைப் பற்றியோ யார் கடிதம் போடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான ஐயம். ஆனால் 1990களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலியும் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தகவல் தொடர்புக் குழுவும் சேர்ந்து மனிதப் பரிணாமம் பற்றி 144 பகுதிகள் கொண்ட தொடரை 18 இந்திய மொழிகளில் ஒலிபரப்பின. விளைச்சலைக் கூட்டும் சங்கதி எதுவும் அதில் இல்லை. சுமார் ஒரு லட்சம் சிறுவர்கள் நேயர்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். அதே காலத்தில் தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயின்ட்' நிகழ்ச்சியில், இயற்பியலாளர் யஷ்பால் நேயர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லியே நாடறிந்த முகமானார். ஆதாயம் இல்லாத இடத்திலும் ஆர்வம் இருக்கிறது. தன் பெயரைச் சொல்லித் தன் கேள்விக்குப் பதில் வரும் என்று தெரிந்தால் அது அஞ்சல் தலை ஒட்டிக்கொண்டு புறப்படும்.

ஒலியில் படம் இல்லை, சமன்பாடு இல்லை, பிறகு எப்படி அறிவியல் என்பது இன்னொரு ஆட்சேபம். புதுச்சேரி அருகே வீராம்பட்டினத்தைப் பார்க்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் அங்கே ஊர் அறிவு மையம் அமைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, கரையோரக் குழாய் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குத் தமிழில் அறிவித்தார்கள். வரைபடம் கிடையாது, அலை இத்தனை உயரம் என்ற எண் மட்டும்தான். அந்த எண்ணை அன்றைக்கே கடலில் சரிபார்த்துவிடலாம். தப்பானால் திரும்பி வந்து மையத்து ஆளிடம் சொல்லலாம். சொல்லப்பட்டதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைவிடப் பெரிய அறிவியல் பாடம் எந்தப் படத்திலும் இல்லை. அப்படி நாள்தோறும் சோதிக்கப்பட்ட குரலுக்கு ஒரு மதிப்பும் வந்து சேரும். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் இதேபோன்ற மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்குப் போன் செய்து எச்சரித்தபோது, இளைஞர்கள் அறிவு மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட ஊர் சுனாமி அலை வருவதற்குள் வெளியேறியது. முன்பின் கேட்டிராத ஒலிபெருக்கியாக இருந்தால் அத்தனை பேரும் உடனே கிளம்பியிருப்பார்களா?

இப்போது பாட்காஸ்டுக்கு வருவோம். வானொலிக்கு இல்லாத வசதிகள் அதற்கு உண்டு. நேரம் காலம் பார்க்க வேண்டாம், நிறுத்தி மறுபடி கேட்கலாம், உரிமம் வாங்க வேண்டாம். ஆனால் காதில் செருகிய கருவியோடு பேருந்தில் தனியே உட்கார்ந்து கேட்பவர், மன்றம் இல்லாத அந்த மராட்டியக் கிராமத்துக்காரரின் நிலையில்தான் இருக்கிறார். எத்தனை பேர் கேட்டார்கள், எந்த நிமிடத்தில் விலகினார்கள் என்பதைத் தளங்கள் தயாரிப்பாளருக்கு ஒரு வரைகோடாகத் துல்லியமாகக் காட்டுகின்றன. ஏன் விலகினார்கள், எங்கே புரியவில்லை என்பதைக் காட்டுவதில்லை. அந்த வரைகோட்டைப் பார்த்து, விலகாமலிருக்க நகைச்சுவை சேர்ப்பார்கள், திகில் சேர்ப்பார்கள். சுவாரசியம் வேண்டாம் என்பதல்ல. கேட்கவே ஆளில்லாவிட்டால் கேள்வி எங்கிருந்து வரும்? ஆனால் கடைசி வரை கேட்டதையும் புரிந்துகொண்டதையும் ஒன்றாக எண்ணுவது தவறு.

வழியைத் திறந்துவிட்டால் கேள்வியோடு புரளியும் வருமே என்பார்கள். வரும். தடுப்பூசி பற்றியும் செல்போன் கோபுரம் பற்றியும் வாட்ஸாப்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு நம் அனுமதி தேவைப்படவில்லை. அது நிகழ்ச்சிக்குள் கேள்வியாக வந்தால் பதிலாவது சொல்லலாம். உண்மையான சிக்கல் வேறு: பதில் சொல்ல ஆள் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். வானொலி உழவர் மன்றங்களை 1959 முதல் நாடெங்கும் விரித்தார்கள். ஆயிரக்கணக்கில் பெருகியும் பின்னர் தேய்ந்துபோயின. திட்டம் போட்டு மன்றம் தொடங்குவது எளிது, ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பது கடினம். ஆகவே ஒலிப்பதிவு அறைக்கும் இசைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கேள்விகளைப் பிரித்து, தெரிந்த விஞ்ஞானியிடம் கேட்டு, விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லும் ஒருவருக்கு ஒதுக்குவதுதான் முறை. தமிழில் அறிவியல் பேசும் நண்பர்கள் அடுத்த பகுதியைப் பதிவு செய்யும் முன் சென்ற பகுதிக்கு வந்த கேள்விகளைப் படிக்கட்டும். கேட்கும் நீங்களும் விருப்பக்குறியைத் தட்டிவிட்டு நகராமல், புரியாத இடம் எது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள், ஊர் பெயரோடு.